சாணும் முழமும்: பாரதியாரின் ‘அல்லா’ பாடல்

மீலாது மேடைகளிலும் சமய நல்லிணக்கக் கூட்டங்களிலும் பாரதியாரின் ‘அல்லா’ பாடலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாடுபவர் குரலெடுத்துப் பாடுகிறார், அவையோர் தலையசைக்கின்றனர், பிற சமயத்தில் பிறந்த பெருங்கவிஞர் ஒருவர் நம் இறைவனைப் புகழ்ந்தாரே என்னும் மகிழ்ச்சியோடு கூட்டம் கலைகிறது. மற்றொரு சாரார் உளர். நம் கொள்கைக்கு ஒவ்வாத சொல் ஒன்று அப்பாடலில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவர்கள் அதனை ஒதுக்கி விடுகின்றனர். மகிழ்ந்துவிட்டு மறப்போரும் ஒதுக்கிவிட்டு மறப்போரும் ஆகிய இரு சாராரும், அப்பாடல் கூறுவது யாது என்பதைச் செவிமடுக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

அப்பாடல் கூறுவது பெரியதொரு செய்தி. தன்னைத் தேடி வருபவர் எத்தன்மையர் ஆயினும் அவரை ஏற்றுக்கொள்ள இறைவன் காத்திருக்கின்றான் என்பதே அது. இதனைத் திருமறையின் ஒளியிலும் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமொழிகளின் ஒளியிலும் வைத்து நோக்கினால், பாடல் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பன இரண்டும் விளங்கும்.

புதுவையும் பொட்டல்புதூரும்

ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் பாரதியார் புதுச்சேரி வந்து சேர்ந்தது 1908ஆம் ஆண்டில். பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த இவ்வூர் அவருக்கு அடைக்கலம் தந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் அவருடைய நினைவில்லமாயிற்று. குத்பாப் பள்ளியும் மீராப்பள்ளியும் காஜியார் வீதியும் முல்லா வீதியும் விளங்கும் இதே நகரில்தான் அவர் பத்தாண்டுகள் கழித்தார். 1918 நவம்பரில் புதுவை எல்லையைக் கடந்தபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். தேடப்படுபவனாக ஓர் ஊரின் வாசலில் நிற்பது எத்தகையது, அவ்வூர் தன்னை ஏற்றுக்கொள்வது எத்தகையது என்பனவற்றை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர் அவர்; பட்டறிந்தவர்.

புதுவை வாழ்க்கையின் விளைவுகளுள் ஒன்று, 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட ‘கண்ணன் பாட்டு’. அதில் தெய்வம் தோழனாகவும் தாயாகவும் அரசனாகவும் வருகிறது, சேவகனாகவும் வருகிறது. அழையாமலே வந்து நின்று, கூலியும் கேளாமல், அன்பு ஒன்றே போதும் என்று பணி செய்யும் ஏவலாளாக இறைவனைக் கண்டது பாரதியாரின் துணிவு. இறைவன் உருவெடுத்து வருதல் என்பது நம் கொள்கைக்கு முற்றிலும் புறம்பானது; இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. எனினும், மனிதன் தேடுமுன் இறைவன் முந்திக்கொள்கிறான் என்னும் உணர்வு கவிஞர் உள்ளத்தில் புதுவையிலேயே வேரூன்றிவிட்டது என்பதற்கு அப்பாட்டு சான்றாகும்.

சிறை மீண்ட பின் அவர் துணைவியாரின் ஊராகிய கடையத்தில் தங்கினார். கடையத்திற்கு அருகே உள்ளது பொட்டல்புதூர். முகியித்தீன் ஆண்டகை அவர்களின் பெயரால் அமைந்த அங்குள்ள தர்கா, முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே வந்து செல்லும் இடமாகும். 1920ஆம் ஆண்டில் அவ்வூரில் ‘இஸ்லாம் மார்க்கத்தின் மகிமை’ என்னும் பொருள் பற்றிப் பாரதியார் சொற்பொழிவாற்றினார். ‘அல்லா’ பாடல் அந்தச் சூழலில் பிறந்ததாகும். புதுவையில் உருவம் கொண்ட தெய்வத்தைப் பாடிய அதே நாவு, பொட்டல்புதூரில் உருவம் கடந்த ஒருவனைப் பாடிற்று. உருவம் நீங்கியது, அண்மை நீங்கவில்லை. இப்பாடலின் தனிச்சிறப்பு இதுவே.

எட்டாதவனும் அண்மையில் உள்ளவனும்

பாடலின் முதற் சரணம் அண்ட கோடிகளைப் பாடுகிறது. எல்லையற்ற வெளியில் ஓயாமல் சுழலும் உலகங்களுக்கு ஒழுங்கு வகுத்தவன் அவன். சொல்லும் மனமும் பின்தொடர இயலாத பேரொளி அவன். அடுத்த சரணமோ சட்டென்று மண்ணுக்கு இறங்கிவிடுகிறது. படிப்பறியாதவர், மெய் பேசாதவர், கொடியவர், தவம் செய்யாதவர், சான்றோர் உரைத்த நெறியில் நில்லாதவர் என்று மனிதரின் குறைகளைக் கவிஞர் அடுக்குகிறார். அத்தகையோர் யாவரும் வந்து ஏத்தினால் அவர்தம் மரண அச்சத்தை அவன் போக்குவான் என்று முடிக்கிறார். இவ்விரு சரணங்களுக்கும் நடுவே பாலம் ஏதுமில்லை. எட்டாதவன் எங்ஙனம் அண்மையனானான் என்ற விளக்கமும் இல்லை. இருப்பது ஒன்றே: மும்முறை ஒலிக்கும் அவனுடைய திருப்பெயர்.

இதனைக் குறை என்பாரும் இருக்கலாம். என் பார்வையில் இது குறையன்று; திருமறையின் நடைக்கு மிக நெருங்கிய நடை இது. அல்பகறா அத்தியாயத்தின் 186ஆம் வசனத்தை நோக்குக. அடியார்கள் இறைவனைப் பற்றி நபியவர்களிடம் கேட்டால் என்ன விடை என்பதைக் கூறும் வசனம் அது. தான் அண்மையில் இருப்பதாகவும், அழைப்பவன் அழைக்கும்போது விடையளிப்பதாகவும் இறைவன் அங்கே அறிவிக்கின்றான். திருமறையின் பிற இடங்களில், மக்கள் உம்மிடம் கேட்கின்றனர் என்று தொடங்கும் வசனங்களில், விடைக்கு முன்னால் ‘குல்’ என்னும் கட்டளைச் சொல் வருவதே பெரும்பான்மை. நபியே, நீர் சொல்வீராக என்பது அதன் பொருள். இவ்விடத்திலோ அச்சொல் இல்லை. கேள்விக்கும் விடைக்கும் நடுவே தூதர் என்ற இடைநிலையைக்கூட வையாமல் இறைவனே விடையிறுக்கின்றான் என விரிவுரையாளர்கள் இதன் நுட்பத்தை எடுத்துக்காட்டியுள்ளனர். பாலம் இல்லாமையே இங்குப் பொருளாகிறது. பாரதியார் அரபு இலக்கணம் பயின்றவரல்லர். ஆயினும் பாலம் கட்டாமல் விட்டதில் அவருடைய கவியுள்ளம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது.

வருதல் என்னும் வினை

அந்தச் சரணத்தின் உயிர், குறைகளை அடுக்கிய அடுக்கில் இல்லை. அவர்கள் எல்லோரும் ‘வந்து’ ஏத்த வேண்டும் என்ற சிறு வினையெச்சத்தில் இருக்கிறது. கல்வி வேண்டா, தவம் வேண்டா, நற்பெயர் வேண்டா, வருதல் வேண்டும். பொய்யன் பொய்யனாக வரலாம். ஆனால் வந்தாக வேண்டும். இருந்த இடத்தில் இருந்துகொண்டே அவன் அருளுக்கு உரிமை பாராட்டுதல் ஆகாது.

அரபு மொழியில் இவ்வருதலைக் குறிக்கும் சொல் ‘தௌபா’. நாம் அதனைப் பாவமன்னிப்பு என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். அது பாதிப் பொருளே. அச்சொல்லின் வேர்ப்பொருள் திரும்புதல், மீளுதல் என்பதாகும். வழி தவறியவன் வீடு நோக்கித் திரும்புவது போன்றது அது. (தவம் என்னும் தமிழ்ச் சொல்லோடு இதனை ஒலி ஒப்புமை பற்றி இணைத்துப் பேசுவோர் உண்டு; அது தற்செயல் ஒப்புமையே.) வியப்பு யாதெனில், இதே வினையைத் திருமறை மனிதனுக்கும் ஆளுகிறது, இறைவனுக்கும் ஆளுகிறது. மனிதன் இறைவன்பால் திரும்புகிறான். இறைவன் மனிதன்மேல் அருளோடு திரும்புகின்றான். ‘இலா’, ‘அலா’ என்னும் இடைச்சொற்கள் மட்டுமே வேறுபடுகின்றன. ‘அத்தவ்வாப்’ என்பது அவனுடைய அழகிய திருப்பெயர்களுள் ஒன்று. மீண்டும் மீண்டும் அருளோடு திரும்புபவன் என்பது அதன் பொருள்.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். தபூக் படையெடுப்பின்போது பின்தங்கிவிட்ட மூவரைப் பற்றி அத்தௌபா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் பேசுகிறது. அம்மூவருள் ஒருவர் கஅப் இப்னு மாலிக் (ரலி). ஐம்பது நாள்கள் ஊரே அவர்களோடு பேசவில்லை. விரிந்து கிடந்த பூமி அவர்களுக்குக் குறுகிப் போயிற்று. அந்நிலையில், அவர்கள் திரும்பும்பொருட்டு இறைவன் அவர்கள்மேல் திரும்பினான் என்ற பொருள்பட அவ்வசனம் அமைகிறது. வரிசையை நோக்குக. முந்தியது அவனுடைய திரும்புதல். பிந்தியது அவர்களுடைய திரும்புதல். மனிதனின் வருகையே இறைவனின் அழைப்புக்கு விடைதான் என்பது இதனால் பெறப்படும்.

நம் தமிழ் இலக்கியத்திலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில், உமறு கத்தாபு ஈமான் கொண்ட வரலாற்றுக்கென்றே தனியொரு படலம் வகுத்தார். பெருமானார் (ஸல்) அவர்களைக் கொல்லும் நோக்கத்தோடு வாள் ஏந்திப் புறப்பட்டவர் உமறு. தங்கையின் வீட்டில் செவியுற்ற மறைமொழி அவரை மாற்றிற்று. ஈமான் கொண்டவராக அவர் நபியவர்களின் அவையில் நின்றார். அவர் வந்த வழி வாளின் வழி; வந்து சேர்ந்த இடமோ அருளின் வாசல். ஆனால் அவர் வாள் எடுப்பதற்கு முன்பே, அவரைக் கொண்டோ அபூஜஹ்லைக் கொண்டோ இஸ்லாத்தை வலுப்படுத்துமாறு பெருமானார் இறைஞ்சியிருந்தார்கள் என்பது நபிமொழி. தேடிச் சென்றவர் உமறு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் தேடப்பட்டவரும் அவரே.

அளவு

பாரதியார் ஆண்ட சொற்களுள் என்னை நெடுநேரம் நிறுத்தியது ‘ஏத்துமளவில்’ என்பது. தமிழில் ‘அளவில்’ என்பதற்கு இரு பொருள் உண்டு. ஏத்திய உடனே என்பது ஒன்று. ஏத்தும் அந்த அளவுக்கு என்பது மற்றொன்று. முதற்பொருள் கொண்டால் இறைவனின் விரைவு புலப்படும். இரண்டாம் பொருள் கொண்டால், எவ்வளவு ஏத்துகிறாயோ அவ்வளவுக்கே அருள் என்ற வணிகக் கணக்குப் போலத் தோன்றும். எப்பொருள் தக்கது?

இதற்கு விடையை ஒரு ஹதீஸ் குத்ஸியில் காணலாம். அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருநூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அடியான் ஒரு சாண் நெருங்கினால் தான் ஒரு முழம் நெருங்குவதாகவும், அவன் ஒரு முழம் நெருங்கினால் தான் ஒரு பாகம் நெருங்குவதாகவும், அவன் நடந்து வந்தால் தான் விரைந்து வருவதாகவும் இறைவன் கூறுவதாக அத்திருமொழியின் கருத்து அமைந்துள்ளது. கை விரித்து அளக்கும் பாகக் கணக்கு நம் கடற்கரை மக்களுக்குப் பழக்கமானதே. இங்கே அளவு இருக்கிறது. ஆனால் அது சமன் செய்யும் அளவன்று. மனிதன் ஒன்று வைத்தால் இறைவன் அதனினும் பெரிதாக வைக்கின்றான். ஒவ்வோர் அளவிலும் முந்திக்கொள்பவன் அவனே. விரைந்து வருதல் என்பதற்கு உடலோடு கூடிய இயக்கம் என்று பொருள் கொள்ளலாகாது. ஏற்றுக்கொள்ளும் விரைவையே அது குறிக்கும் என இமாம்கள் விளக்கியுள்ளனர். ஆகவே ‘அளவில்’ என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே முரணின்றி ஒன்றுகின்றன. உடனே அருள்கின்றான், நீ வைத்த அளவை விஞ்சியும் அருள்கின்றான். பாரதியார் இதனை எண்ணித்தான் எழுதினாரா என்று கேட்பது வீண். நல்ல கவிதையில் சொல், கவிஞர் அறிந்ததைவிடக் கூடுதலாகவே அறிந்திருக்கும்.

‘சாண்’ என்னும் இவ்வளவு மற்றொரு வரலாற்றிலும் வருகிறது. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் அவ்வரலாறும் மேற்சொன்ன இரு நூல்களிலும் உள்ளது. முற்காலத்தில் ஒருவன் தொண்ணூற்றொன்பது கொலை செய்தான். பின்பு நெஞ்சு உறுத்த, ஒரு துறவியிடம் சென்று தனக்கு மீட்சி உண்டா என்று வினவினான். இல்லை என்றார் துறவி. அவன் அவரையும் கொன்று நூறாக்கினான். பிறகு கற்றறிந்த ஒருவரிடம் சென்று அதே கேள்வியைக் கேட்டான். உனக்கும் தௌபாவுக்கும் நடுவே நின்று தடுப்பவர் யார் என்று வினவிய அவ்வறிஞர், நல்லோர் வாழும் இன்ன ஊருக்குச் செல் என்று வழிகாட்டினார். அவன் புறப்பட்டான், பாதி வழியில் மரணம் அவனைப் பற்றிக்கொண்டது. அருளின் வானவரும் தண்டனையின் வானவரும் அவனைக் குறித்து வழக்காடினர். இரு ஊருக்கும் இடைப்பட்ட நிலத்தை அளந்து பார்த்தபோது, நல்லோர் ஊருக்கு அவன் ஒரு சாண் அளவு நெருங்கியிருந்தான். மன்னிக்கப்பட்டான். அவன் ஒரு நாள் நோன்பு நோற்றதாகவோ ஒரு நேரம் தொழுததாகவோ அவ்வரலாறு கூறவில்லை. அவனிடம் இருந்தது ஒரு திசை மட்டுமே. அத்திசையில் ஒரு சாண்.

குறை காணுமிடம்

பாடலின் பெருமையைச் சொன்ன வாய் அதன் குறையையும் சொல்லுதல் முறை. முதலாவது, ‘யமபயம்’ என்னும் சொல். உயிரைக் கைப்பற்றும் வானவர் இறைவனின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட பணியாளர். அவர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். அஞ்ச வேண்டுவது மரணத்தை அன்று, மரணத்தின் பின்னர் நிகழும் கேள்வி கணக்கை. கவிஞர் தாம் பிறந்த மரபின் வழக்குச் சொல்லை ஆண்டார் என்று கொண்டு அதனைக் கடந்து செல்லலாம். 1920ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ‘ரயில்வே ஸ்தானம்’ என்ற கதையில், முஸ்லிம் ஒருவர் சகோதரிகளை ஒருசேர மணந்திருப்பதாக அவர் எழுதினார். அது மார்க்கச் சட்டத்திற்கு மாறானது என்று ஒரு முஸ்லிம் நண்பர் எடுத்துக்காட்டியபோது, அதனை ஏற்று, கதையின் இறுதியில் விளக்கமும் எழுதிச் சேர்த்தார். திருத்தத்தைத் தாழ்வாகக் கருதாத அத்தகைய உள்ளத்தின் பாடலை, ஒரு சொல்லுக்காக நாம் புறக்கணித்தல் நேர்மையாகாது.

இரண்டாவது குறை இதனினும் கனமானது. சான்றோர் உரைத்த நீதியில் நில்லாதவரும் வந்து ஏத்தினால் போதும் என்று பாடல் கூறுகிறது. பிறன் நிலத்தைப் பறித்தவன், கூலியை மறுத்தவன், அநாதையின் சொத்தை உண்டவன் ஆகியோரும் வந்து ஏத்திவிட்டால் தீர்ந்ததா? தீராது. இறைவனுக்குரிய கடமையில் தவறியதை அவன் மன்னிப்பான். மனிதருக்குரிய உரிமையைப் பறித்திருந்தால், பறித்ததைத் திருப்பித் தந்தாக வேண்டும், அல்லது உரியவரிடம் பொறுப்புக் கேட்டாக வேண்டும். தௌபாவின் நிபந்தனைகளுள் இதனையும் நம் மார்க்க அறிஞர் வைத்துள்ளனர். மெய் பேசாதவரைப் பற்றியும் ஒரு சொல். நயவஞ்சகரை நரகின் அடித்தளத்துக்கு உரியோர் என்று கூறிய அன்னிஸா அத்தியாயம், அடுத்த வசனத்திலேயே ஒரு விலக்கையும் வைக்கிறது. மீண்டவர்கள், தம்மைச் சீர்திருத்திக்கொண்டவர்கள், இறைவனைப் பற்றிக்கொண்டவர்கள், தம் மார்க்கத்தை அவனுக்கென்றே தூய்மையாக்கியவர்கள் ஆகியோர் அத்தண்டனைக்கு விலக்கானோர். தூய்மையாக்குதல் என்னும் அந்த ‘இக்லாஸ்’தான் உதட்டால் ஏத்துதலையும் உள்ளத்தால் ஏத்துதலையும் பிரித்துக் காட்டும் உரைகல். வாசல் அகன்றது என்பது மெய். நடிப்போடு அதில் நுழைய இயலாது என்பதும் மெய்.

இந்தச் சேர்க்கையைப் பாடல் செய்யவில்லை. பாடல் சட்டநூல் அன்று. அதனிடம் இதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் மேடையில் பாடுவோர்க்கும் கேட்டு மகிழ்வோர்க்கும் இதனைச் சேர்த்துச் சொல்லும் கடமை நம்முடையது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இறைவன் இவ்வளவு விரைந்து ஏற்பவன் ஆயின், குணங்குடி மஸ்தான் சாகிபு போன்ற மெய்ஞ்ஞானியர் பராபரக்கண்ணியிலும் ரகுமான்கண்ணியிலும் ஏன் அத்தனை ஏக்கத்தோடு கதறினர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அப்பெரியார் கண்ணிக்குக் கண்ணி அவனை விளிக்கிறார். எப்போது அருள்வாய் என்று வினவுகிறார். அது கதவு அடைபட்டதால் எழுந்த கதறல் அன்று. தன் உள்ளத்தின் திரை முழுதும் நீங்கவில்லையே என்னும் ஆற்றாமையே அது. வெளியே நிற்பவன் கதவைத் தட்டுகிறான். உள்ளே வந்தவனோ இன்னும் அருகே, இன்னும் அருகே என்கிறான். பாரதியார் பாடியது வாசலை. மஸ்தான் பாடியது வாசலைக் கடந்த பின் உள்ள நெடுவழியை. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை.

வாசலை அடைப்போர்

நூறு கொலை செய்தவனின் வரலாற்றில் நம் உள்ளத்தை உறுத்த வேண்டியவன் கொலைகாரன் அல்லன், அந்தத் துறவியே. அவர் தீயவர் அல்லர், வணக்கத்தில் மூழ்கியவர். ஆயினும் இறைவன் திறந்து வைத்த வாசலைத் தம் அறியாமையால் அடைத்துக் காட்டினார். திறந்து காட்டியவரோ அறிஞர். கல்வி எதற்கு என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இன்று நம் குடும்பங்களில் நிகழ்வது என்ன? பல ஆண்டுகள் தொழுகையை மறந்திருந்த இளைஞன் ஒருவன், ஏதோ ஒரு துன்பத்தின் இறுதியில், வெள்ளிக்கிழமையன்று பள்ளியின் பின் வரிசையில் வந்து நிற்கிறான். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பவர் ஒருவர். உடையைப் பார்த்து முகம் சுளிப்பவர் ஒருவர். மழைக்கும் இங்கே முளைக்குமோ என்று நகைப்பவர் ஒருவர். அவன் வைத்தது ஒரு சாண். அதற்கு எதிரே ஒரு முழம் வர இறைவன் ஆயத்தமாயிருக்கும்போது, அந்தச் சாணையும் பின்னுக்கு இழுத்துவிடுகிறோம் நாம். கணவனை இழந்தோ கடனில் மூழ்கியோ மனம் முறிந்த சகோதரி ஒருத்தி, என் பாவத்துக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்டால், அச்சுறுத்தும் கதைகளை எடுத்து விரிக்கிறோம். எல்லை மீறித் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்ட அடியார்களைப் பார்த்து, அருளில் நம்பிக்கை இழக்க வேண்டா என்று அஸ்ஸுமர் அத்தியாயம் அழைப்பதை நாம் அறியாதவர்களா? அறிந்தும் மறைத்தால் அத்துறவியினும் நாம் தாழ்ந்தவராவோம். அவர் அறியாமல் அல்லவா சொன்னார்!

பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய மற்றோர் உவமை உண்டு. பாலைவனத்தில், உணவும் நீரும் சுமந்த தன் ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டு, சாவை எதிர்நோக்கி ஒரு மர நிழலில் சாய்கிறான் ஒருவன். கண் விழித்தால் ஒட்டகம் எதிரே நிற்கிறது. மகிழ்ச்சிப் பெருக்கில் அவன் நாவு குழறி, இறைவனை அடிமை என்றும் தன்னை இறைவன் என்றும் தவறாகச் சொல்லிவிடுகிறான். அடியான் மீளும்போது, அம்மனிதனின் மகிழ்ச்சியினும் இறைவனுக்குப் பெரிதாக உவப்பு உண்டாகிறதாம். சிந்தித்துப் பார்க்க: தொலைந்தவர் நாம், ஒன்றும் தேவையற்றவன் அவன். ஆயினும் உவமையில் தொலைத்ததைக் கண்டடைந்தவனின் மகிழ்ச்சி அவனுக்கே ஏற்றிச் சொல்லப்படுகிறது. இதற்கு மேல் சொல்ல மனித மொழிக்கு ஆற்றல் இல்லை.

அந்த உவப்பை அறிந்த சமுதாயம், பின் வரிசையில் வந்து நிற்பவனுக்கு விலகி இடம் கொடுக்கும். இனி ‘அல்லா’ பாடல் மேடையில் ஒலிக்கும்போது, பிறர் நம்மைப் புகழ்ந்தார் என்று மட்டும் மகிழ வேண்டா. வந்தோர் யாவர், நாம் வரவிடாது தடுத்தோர் யாவர் என்று நம் நெஞ்சை நாமே கேட்போமாக. அருளோடு திரும்புவோனாகிய அத்தவ்வாப், நம்மைத் தன்பால் திரும்புவோராகவும், திரும்பி வருவோர்க்கு வழிவிடுவோராகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.